ஒரு மவுத்பீஸ், இரண்டு வாய்

இரண்டாயிரத்து ஒன்பது, ஆகஸ்ட் மாதம். பெங்களூரில் ஒரு சத்திரத்தில் கன்னடக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் பேண்டு செட். சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு எட்டுப் பேர் வாசலில் நின்றோம். மாஸ்டர் கையைத் தூக்கினார். நான் டிரம்பெட்டை வாயில் வைத்தேன்.

பெண்ணின் மாமா உள்ளேயிருந்து ஓடி வந்தார். மூக்கில் கர்ச்சீப்.

"ஊதபேடி, ஊதபேடி!"

மாஸ்டர் தூக்கிய கையை இறக்கவில்லை.

"ஊதாம எப்படி சார் பேண்டு?"

"டிரம் மட்டும் போதும் சாமி. நீங்க ஊதினா காத்தெல்லாம் ஜனங்க மேல வருதல்லா? உள்ள வயசானவங்க இருக்காங்க."

கொஞ்சம் முன்னால் அவர் என்னைப் பார்த்துவிட்டார். அதுதான் காரணம். டிரம்பெட் ஊதும்போது மூச்சு உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். குழாயின் அடியில் ஒரு சாவி உண்டு. அதை அழுத்தி ஒரு ஊது ஊதினால் தண்ணீர் தரையில் சொட்டும். அது எச்சில் இல்லை. முப்பது வருடமாகச் சொல்கிறேன், யாரும் நம்பியதில்லை. சத்திரத்துக் கோலத்தின் மேல் நாலு சொட்டு விழுந்தது. அதை அவர் பார்த்தார்.

அன்றைக்கு டிரம் மட்டும்தான். ஊதுகிற நாங்கள் ஐந்து பேர் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தோபஸ்து போலீஸ் மாதிரி கூடவே நடந்தோம். சைடு டிரம் அடிக்கிறவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இத்தினி வருஷம் எங்களத் தட்டுற பசங்கன்னு சொன்னீங்களே. இப்ப தெரியுதா யாரு பேண்டுன்னு? நட, நட. வழில யாராவது செயின் பறிச்சா புடி."

சாப்பாட்டை வாசலிலேயே பொட்டலமாகக் கொடுத்தார்கள். உள்ளே பந்தியில் பாதி இலைக்கு ஆள் இல்லை.

பன்றிக் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டார்கள். முதலில் அது வெளிநாட்டுச் செய்தி. அப்புறம் புனே என்றார்கள். அப்புறம் பெங்களூர். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் இரண்டு சீட்டு காலியாகும். ஏர்போர்ட் டாக்சி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கழுவிக் கழுவி நிறுத்தினார். சிவாஜிநகரில் கறிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் பன்றிக் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பாய் கத்திக்கொண்டே இருந்தார். கேட்க ஆள் இல்லை.

அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில்தான் எங்கள் கடை. ஒரு ஷட்டர். உள்ளே ஆணியில் தொங்கும் வாத்தியங்கள், சுவரோரம் ஒரு பெஞ்சு, ஒரு போன். பேண்டு வேண்டுமென்றால் அங்கே வந்து சொல்வார்கள். ஆகஸ்டும் செப்டம்பரும்தான் எங்களுக்கு வருடம். பிள்ளையார் கரைக்கிற ஊர்வலம் அல்சூர் ஏரிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அது முடிந்தால் மாதா கோயில் தேர். அந்த இரண்டு மாதம் ஊதினதைத்தான் மிச்ச மாதங்கள் சாப்பிடுவோம்.

போன் அடித்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் அடித்தது. ஒரு பிள்ளையார் சங்கம் ஊர்வலமே இல்லை என்றது. இன்னொன்று சின்ன பிள்ளையாராக வாங்கி பக்கெட்டிலேயே கரைக்கப்போவதாகச் சொன்னது. மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் "சரிங்க" என்று சொல்லி போனை வைத்தார். வேறு என்ன சொல்வது.

கிளாரினெட் வாசிக்கிறவன் நாலாவது நாள் கடைக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் மூக்குத் துணி விற்கப் போய்விட்டான். பச்சை, நீலம், பூப்போட்டது எல்லாம் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். மாஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாயால பொழச்ச பய, வாய மூடுற துணி விக்கிறான்பா," என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவனுக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது.

தொண்ணூற்று நாலில் பிளேக் என்று ஒரு பயம் வந்தது. அப்போதும் இப்படித்தான், கொஞ்ச நாள் அலறி அடங்கியது. இதுவும் அடங்கும் என்று இருந்தேன். எனக்கு பயம் வேலையைப் பற்றி மட்டும்தான். வீட்டில் ஒருத்தி இருந்தாள் என்பதை நினைக்காமல் அப்படி இருந்தேன்.

என் மகள். ஓசூரில் கட்டிக்கொடுத்தது. தலைப்பிரசவத்துக்கு தொம்மலூர் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். எங்கள் வீடு ஒன்றரை ரூம். முன்னால் இருக்கிறதில் நானும், உள்ளே அவளும் அம்மாவும். நடுவில் கதவு இல்லை, துணிதான். அவள் புரண்டு படுத்தால் எனக்குத் தெரியும்.

ஒருநாள் மகள் பேப்பரை எடுத்துவந்து எனக்குப் படித்துக் காட்டினாள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் ஆபத்து அதிகம், மூச்சுவிட முடியாமல் போகும் என்று போட்டிருந்தது. படித்துவிட்டு அவளே, "எனக்கெல்லாம் வராதுப்பா, நான் எங்க வெளிய போறேன்," என்றாள்.

வெளியே போய்வருகிறவன் நான் ஒருவன்தான்.

அந்த வாரம் ஒரு வேலை வந்தது. அல்சூரில் ஒரு பாட்டியம்மா இறந்துபோனார். பேரன் பேத்தி கண்ட சாவு. பிள்ளைகள் வந்து முழு செட்டும் வேண்டும் என்றார்கள். மாஸ்டர் கேட்டார்.

"ஊதலாமா?"

"ஊதாமயா எங்கம்மாவ அனுப்புவோம்? நல்லா ஊதுங்க."

அந்த மாதம் முழுக்க சாவு வீட்டில் மட்டும்தான் எங்களை ஊதாதே என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் செட்டில் இரண்டு டிரம்பெட். நான் ஒன்று. இன்னொருவன் அல்சூர்க்காரன், என்னைவிட ஐந்து வயது சின்னவன். பதினைந்து வருடமாகப் பக்கத்தில் நின்று ஊதுகிறவன். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். உறவு கிடையாது. அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன்; நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள்.

டிரம்பெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். ஆனால் வாயில் வைக்கிற மவுத்பீஸை அவனவன் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவான். உதட்டுக்குப் பழகின சாமான் அது. அன்று சாவு வீட்டு வாசலில் மச்சான் சட்டைப் பையைத் தடவினான். பேண்ட் பையைத் தடவினான். கோட்டையும் தடவினான்.

"இன்னாடா?"

"அடுப்புல கீது மச்சான்."

"எது?"

"பீஸு. எம் பொஞ்சாதி காய்ச்சல் பயத்துல அத சோடா போட்டு வேக வெச்சா. தெனம் ஊர் காத்தெல்லாம் இழுக்குறீங்க, இது சுத்தமா இருக்கணும்னா. தண்ணியோட அடுப்பு மேலயே வுட்டுட்டு வந்துட்டேன்."

"அவள போட்டு நீ வேக வெச்சிருக்கணும்."

பாடை தூக்கிவிட்டார்கள். திரும்பிப்போக நேரமில்லை. ஒரு ஆள் ஊதாமல் நின்றால் காசு கொடுத்தவர்களுக்குக் கோபம் வரும். அதைவிட, சுடுகாடு வரைக்கும் ஒருவனே ஊதினால் உதடு தாங்காது. பாட்டுக்குப் பாட்டு மாற்றித்தான் ஊதுவோம். நான் ஒரு பாட்டு ஊதினேன். மவுத்பீஸைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்து அவனிடம் கொடுத்தேன். அவன் ஊதிவிட்டு, துடைத்து, என்னிடம் கொடுத்தான்.

எங்கள் வீடுகளில் டம்ளரில் வாய் வைத்து யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். அண்ணாந்துதான். மகள் சின்னப் பிள்ளையில் வாய் வைத்துக் குடித்தால் நான் அதட்டுவேன். ஆனால் ஊதுகிறவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. பேண்டுக்காரனுக்கு எச்சில் கிடையாது. கத்துக்கொள்கிற காலத்தில் ஒரே வாத்தியத்தில்தான் ஆறு பேர் கத்துக்கொள்வோம். அதில் அசிங்கம் பார்த்தால் தொழில் வராது. அதனால் அன்று இரண்டு பேருக்குமே ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றரை மணி நேரம் மாற்றி மாற்றி ஊதினோம். பாட்டியம்மாவின் மகன் கடைசியில் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். நல்லா ஊதினீங்க என்றான்.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. காலையில் கடைக்குப் போனேன். மாஸ்டர் ஷட்டரைப் பாதி தூக்கி வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை.

"உன் டிரம்பெட் ஜோடிய ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கப்பா. நல்ல ஜுரமாம், இருமலாம். அந்தக் காய்ச்சலான்னு பாக்க தொண்டைல பஞ்சு வுட்டு எடுத்துகினு போயிருக்காங்க. தனி வார்டு. ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆவுமாம்."

என் கை சட்டைப் பையில் இருந்த மவுத்பீஸுக்குப் போனது.

"இன்னாப்பா, உக்காரு."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பீஸுல ஊதினோம் மாஸ்டர்."

அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதானே இருந்தார். இருந்தாலும் ஒரு அடி பின்னால் போனார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் இரண்டு அடி போயிருப்பேன்.

சாவுக்குப் போய்வந்த பிறகு மூன்று ராத்திரி வீட்டில் படுத்திருக்கிறேன். மகள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். முதல்நாள் கால் வீங்கியிருக்கிறது என்று நீட்டினாள், எண்ணெய் தடவி விட்டேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. துணி ஒன்றுதான் நடுவில்.

மனைவிக்கு போன் செய்தேன்.

"கோலார் பக்கம் ஒரு ஆர்டர். மூணு நாலு நாள் ஆவும்."

"ஊரே வாய மூடிக்கினு கீது. கோலார்ல மட்டும் யாரு பேண்டு வெக்கறாங்க?"

"வெக்கறாங்க."

"துணி?"

"மாஸ்டர்கிட்ட கீது."

அவள் நம்பவில்லை. ஆனால் விட்டுவிட்டாள். நான் அன்று கடையிலேயே படுத்தேன். பெரிய டிரம்மின் உறையை விரித்துக்கொண்டேன். ஓட்டலிலிருந்து மாஸ்டர் இட்லி வாங்கிவந்து ஷட்டருக்கு வெளியே வைத்துவிட்டு, ஷட்டரைத் தட்டிவிட்டுப் போவார். நாய்க்கு வைக்கிற மாதிரி இருக்குப்பா, மன்னிச்சுக்கோ என்றார். நாய்க்கு சட்னி வைக்கிறதில்லை மாஸ்டர் என்றேன்.

சனிக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கும் தொண்டையில் பஞ்சு விட்டுப் பார்க்கட்டும் என்று. பெரிய வரிசை. எல்லோர் மூக்கிலும் துணி. கண்ணை மட்டும் பார்த்து யாருக்கு எவ்வளவு பயம் என்று சொல்லலாம். என் முறை வந்தது. நர்ஸ் தமிழ்க்காரம்மா.

"ஜுரம் இருக்கா?"

"இல்லம்மா."

"இருமல்?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

சொன்னேன். மவுத்பீஸ் என்றால் என்ன என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"உள்ள வைங்க, உள்ள வைங்க! ரெண்டு பேர் இதுலயா வாய் வெச்சீங்க?"

"ஆமா."

"ஜுரம் இல்லாதவங்களுக்கு டெஸ்ட் எடுக்கறதில்ல. வீட்ல யாராவது கர்ப்பிணி, குழந்தைங்க?"

"மக. எட்டு மாசம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அவங்க பக்கமே போகாதீங்க. ஒரு வாரம். ஜுரம் வந்தா உடனே வாங்க. அவங்களுக்கு சின்ன சூடு வந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. புரியுதா?"

புரிந்தது. கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு ஒரு தடவை புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தால் ஜுரம் என்று நினைத்தேன். சில்லென்று இருந்தால் கைதான் சூடாக இருக்கிறதோ என்று நினைத்தேன். வாயைத் திறந்து இருமிப் பார்த்தேன். வேண்டுமென்றே இருமினால் எல்லோருக்கும் இருமல் வரும் என்பது அப்புறம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"அவளுக்கு ஒடம்பு சூடா கீது. தொண்ட கரகரன்னு கீதாம். மழ காத்து ஒத்துக்கல போல. கஷாயம் வெக்கறேன்."

"கஷாயம் வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

"லேசா தான்யா கீது."

"நான் கோலார்ல இல்ல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாவு வீடு, அடுப்பு, சட்டை நுனி, தனி வார்டு. ஐந்து நிமிடம் நான் ஒரேயடியாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"எச்சில மாத்தி மாத்தி ஊதினீங்களா?"

"ஆமா."

"டம்ளர்ல வாய் வெச்சா கொழந்தய அடிப்ப. ரோட்ல நின்னுகினு ஊரான் வாய வாங்கி வாயில வெச்சிருக்க. எம் பொண்ணு வயித்துல புள்ளய வெச்சிகினு கீதே, அந்த நெனப்பு இல்ல?"

"இல்ல."

உண்மை அதுதான். அவள் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு டாக்சிக்காரர்தான் இரண்டு பேரையும் அல்சூர் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேலை இல்லாததால் வீட்டில் இருந்தார். நான் போகவில்லை. போகக் கூடாது. ஏரிக்கரை வரைக்கும் நடந்துபோனேன். அங்கே நின்றால் ஆஸ்பத்திரி இருக்கிற ரோடு தெரியும். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மகளே பேசினாள்.

"இன்னாப்பா, கோலார் எப்படி கீது?"

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"ஜுரம் கம்மிதானாம். கொழந்த துடிப்பு நல்லா கீதாம். மூச்சு நல்லா கீதாம். மாத்திர குடுத்தாங்க. உன் ஃபிரண்டுக்கு அந்த ஜுரம்னு ரிசல்ட் வந்தா என்னையும் தனி வார்டுல சேக்கணுமாம். வரலன்னா வீட்டுக்குப் போலாமாம், அதுவரைக்கும் இங்கதான்."

"பயமா கீதா?"



"அந்த வார்டுல அம்மாவ வுட மாட்டாங்களாம்பா. அங்க எனக்கு வலி எடுத்துட்டா யாரு இருப்பா?"

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீ எங்க கீற?"

"கடைல."

"பொய். வண்டி ஹாரன் கேக்குது. ஏரிகிட்டதான கீற?"

"ஆமா."

"போய் சாப்டுப்பா."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே மச்சான் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். வெளியே ஒரு மரம். கீழே மச்சான் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் துணி, மேலே சேலைத் தலைப்பு. நான் பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். பத்தடிக்குப் பேசவேண்டும் என்றால் சத்தமாகத்தான் பேசவேண்டும். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"அண்ணா, நான் வேக வெக்காம இருந்திருந்தா உங்களுக்கு இது இல்ல."

"வுடும்மா."

"சுத்தம் சுத்தம்னு டீவில சொன்னாங்கண்ணா. அதான் வெச்சேன். சோடா வேற போட்டேன்."

"போட்டதும் போட்ட, எடுத்து அவன் பைல போட்டிருக்கலாம்."

"அது இன்னும் அடுப்பு மேலயேதான்ணா கீது. தொடவே பயமா கீது."

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். பத்தடி தள்ளி இருந்ததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிட்டே இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

மாஸ்டர் பத்து மணிக்கு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். அந்த இடத்தில்தான் நிற்க முடியும். அவள் ஜெபம் செய்தாள். நான் சும்மா இருந்தேன். எனக்கு யாரிடம் என்ன கேட்பது என்று வரவில்லை. அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் மனசில் என் மகள்தான் வந்தாள். பதினைந்து வருட ஜோடி உள்ளே படுத்திருக்கிறான். அவனுக்கு என்ன என்று தெரிந்தால்தான் என் மகளுக்கு என்ன என்று தெரியும். அவனை அப்படி நினைக்க எனக்கே பிடிக்கவில்லை.

மதியம் ஒரு மணி இருக்கும். வாசலில் ஒரு வார்டு பாய் வந்து மச்சான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று பேரும் எழுந்தோம். பின்னாலேயே சின்ன வயது டாக்டரம்மா வந்தார்.

"பன்றிக் காய்ச்சல் இல்ல. டெஸ்ட்ல வரல."



"அப்ப இன்னா ஜுரம் டாக்டர்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"டைபாய்டு. ரத்தத்துல வந்திருக்கு. வேற வார்டுக்கு மாத்தறோம்."

"டைபாய்டா!" என்றாள் அவள். "வெறும் டைபாய்டா!"

டைபாய்டு என்று கேட்டு ஒரு குடும்பம் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை. மாஸ்டர் கைகூப்பினார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டைபாய்டும் சாதாரணம் இல்லங்க. நல்லா கவனிக்கணும். ஓட்டல் சாப்பாடு, வெளித் தண்ணி ஒண்ணும் கூடாது."

"கூடாது, கூடாது," என்று மாஸ்டர் அவர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார்.

நான் டாக்டரம்மாவிடம் போனேன். மகளைப் பற்றிச் சொன்னேன். அந்த மவுத்பீஸ் கதையை நான் மூன்றாம் முறையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து பேசினார். எனக்கு முன்னாலேயே பேசினார். வைத்துவிட்டு, "ஜுரம் காலையிலேயே இறங்கிடுச்சாம். இப்பவே வீட்டுக்கு அனுப்பறாங்களாம். நீங்களும் வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். நிற்க முடியாமல் இல்லை. உட்காரவேண்டும் என்று இருந்தது. நாலு நாளாக எங்கே உட்கார்ந்தாலும் பாதிதான் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் இடிக்க உட்கார்ந்தார்.

"நான் பின்னால போனது மனசுல வெச்சுக்காதப்பா."

"ஒரு அடிதான் போனீங்க."

"ரெண்டு."

வார்டு மாற்றுகிற நேரத்தில் மச்சானைத் தூரத்திலிருந்து பார்க்க விட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் ஒட்டிப்போய் இருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான்.

"மச்சான், பொண்ணு?"

முதலில் அதைத்தான் கேட்டான். அவன் பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள்.

"நல்லா கீறா."

"எனக்கு உள்ள அதே நெனப்புதான்டா. என்னால அதுக்கு எதுனா ஆச்சுன்னா உன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்னு."

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மரத்தடியில் நான் நினைத்தது ஞாபகம் வந்தது. அதை அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

தொம்மலூருக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒருவர் தும்மினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் மனைவி பக்கெட்டில் வெந்நீரோடு நின்றாள். பஸ் ஏறுமுன் நான் போன் செய்தபோதே அடுப்பில் வைத்திருக்கிறாள்.

"அங்கயே நில்லு. சட்டைய கழட்டி அந்த வாளில போடு. சோப்பு ரெண்டு தடவ."

சந்தில் நிற்கவைத்துக் குளிக்கவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. நான் கோலாரிலிருந்து வருகிறேன் என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள்போல. கோலாரில் அவ்வளவு புழுதியா என்று ஒருத்தி கேட்டாள். ஆமா, தங்கச் சுரங்கம் இல்ல, என்றாள் என் மனைவி.

முதுகு தேய்க்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அந்த வார்டுல சேக்கணும்னு அந்தம்மா சொன்னப்ப எனக்கு கை காலே இல்லய்யா."

"தெரியும்."

"உனக்கு இன்னா தெரியும். நீ கோலார்ல இல்ல இருந்த."

அதற்கு மேல் திட்டவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் சோறு போட்டாள். கத்தரிக்காய் குழம்பு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மகள் துணியை விலக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. தொண்டை கரகரப்பு அப்படியே இருந்தது.

சாப்பிட்ட இடத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தேன். பகலில் தூங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்று அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. மகள் என் தலைமாட்டில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழங்கால் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

தள்ளி உட்கார் என்று வாய் வரைக்கும் வந்தது. நாலு நாள் பழக்கம்.

"இன்னாப்பா?"

"ஒண்ணுமில்ல."

கையை எட்டி அவள் நெற்றியில் வைத்தேன். சில்லென்று இருந்தது. அவள் பீன்ஸை நிறுத்தவில்லை. நான் கையை எடுக்கவும் இல்லை.